லேபிளில் ஒரு பிசிறு

சரக்கு சுங்கத்தில் நிற்கிறது என்று மின்னஞ்சல் வந்தபோது, ஏதோ ஒரு தாள் குறைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பேக்கிங் லிஸ்ட்டில் எடை தப்பாக இருக்கும், இல்லையென்றால் எங்காவது ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும். அப்படி ஏற்கெனவே இரண்டு முறை நடந்திருக்கிறது. அடுத்த வரியைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பைகளில் தைத்திருக்கும் பெயர் அந்த நாட்டில் வேறொருவருடைய டிரேட்மார்க்காம். அதை அவர் சுங்கத்துறையிலும் பதிந்துவைத்திருக்கிறாராம். அவர் சம்மதம் இல்லாமல் அந்தப் பெயர் போட்ட எதையும் உள்ளே விட மாட்டார்களாம்.

32 பெட்டி, 640 பை. எங்கள் வடிவமைப்பு, எங்கள் தையல், எங்கள் பெயர். அதைத்தான் அந்த நோட்டீஸ் "போலிச் சரக்கு" என்று சொன்னது. அந்தச் சொல் பட்ட இடம் இன்னும் ஆறவில்லை.

நடந்ததை இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. எந்த நாடு, யார் அந்த ஆள், எங்கள் பெயர் என்ன என்பதை மட்டும் சொல்ல முடியாது. கடைசியில் போட்ட சமரச ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பப்போகிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு, மாதிரியைக் கூரியரில் போடுவதற்கு முன்பு பெயரைப் பதிய விண்ணப்பித்தால் எனக்கு அது போதும்.

பெயரை வைத்தது என் தங்கை. ழகரம் வரும் ஒரு தமிழ்ச் சொல். லோகோவையும் அவளே வரைந்தாள். ழ என்ற எழுத்து பெரிதாக நிற்கும், அதன் வால் பையின் வார் மாதிரி வளைந்து கீழே இறங்கும், அடியில் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டே நம் நாட்டில் முறையாகப் பதிந்துவிட்டோம். சான்றிதழ் வந்ததும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். அன்றிலிருந்து இந்தப் பெயர் எங்களுடையது என்று நம்பினோம். எங்கே எங்களுடையது என்ற கேள்வி இருவருக்கும் எழவே இல்லை.

டிரேட்மார்க் உரிமை நாட்டெல்லையோடு நின்றுவிடும். ஒரு நாட்டில் பதிந்தது பக்கத்து நாட்டில் செல்லாது. பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதைதான். பர்கர் கிங் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அந்தப் பெயரை அங்கே ஏற்கெனவே ஒருவர் பதிந்துவைத்திருந்தார். அதனால்தான் அங்கே அந்தக் கடைகளுக்கு இன்றுவரை ஹங்கிரி ஜாக்ஸ் என்று பெயர். ஆக்ஸ் என்று நாம் அறிந்த வாசனைத் தெளிப்பான் பிரிட்டனில் லிங்க்ஸ் என்ற பெயரில் விற்பதற்கும் காரணம் அதுவே. அவர்களால் இன்னொரு பெயரில் ஊன்றிக்கொள்ள முடிந்தது. 640 பை அனுப்புகிற எங்களுக்கு அது எப்படி முடியும்?

இன்னொன்றும் தெரியாமல் இருந்தது. சில நாடுகளில் யார் முதலில் அந்தப் பெயரைச் சந்தையில் பயன்படுத்தினார் என்பதற்கு மதிப்பு உண்டு. அமெரிக்கா அந்த வகை. பல நாடுகளில் யார் முதலில் விண்ணப்பம் போட்டார் என்பதுதான் கணக்கு. சீனா இந்த வகை, எங்களுக்குச் சிக்கல் வந்த நாடும் இந்த வகை. இங்கே பத்து வருடமாக விற்கிறேன் என்று போய் நின்றால், "சரி, ஆனால் எங்கள் அலுவலகத்தில் மனு போட்டது அவர்தானே" என்பார்கள்.

இதில் எனக்கு இன்றும் நெஞ்சை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. 1883ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தின்படி, சொந்த நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வேறொரு உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தால், அங்கேயும் அந்த முதல் தேதியையே கொடுப்பார்கள். நடுவில் யார் நுழைந்தாலும் நாம்தான் முன்னால். அந்த ஆறு மாதம் எங்களுக்கும் இருந்தது. சான்றிதழுக்குச் சட்டம் போடும் யோசனையிலேயே அது கழிந்துவிட்டது.

அன்றிரவு நானும் தங்கையும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு, அதாவது வைப்போ, குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ் என்று ஒரு தேடுதளம் வைத்திருக்கிறது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் தேடலாம். ஐரோப்பியர்கள் நடத்தும் டிஎம்வியூவும் அப்படித்தான். எங்கள் பெயரைத் தட்டினோம். இரண்டு முடிவுகள் வந்தன. ஒன்று எங்களுடையது. இரண்டாவதில் உரிமையாளர் இடத்தில் கேள்விப்படாத ஒரு நிறுவனம். ஆனால் முகவரி தெரிந்த முகவரி. மூன்று வருடத்துக்கு முன்பு எங்களிடம் மாதிரிப் பைகள் கேட்டு வாங்கிய விநியோகஸ்தருடைய கிடங்கு அது. 24 பைகளை நாங்களே பெட்டி கட்டி அந்த முகவரிக்குத்தான் அனுப்பினோம்.

படத்தைப் பெரிதாக்கியது தங்கைதான். சின்ன வயதிலிருந்து அவளுக்கு எதையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம். "அக்கா, இங்க பாரு" என்று திரையில் விரலை வைத்தாள். ழகரத்தின் வால் முடியும் இடத்தில், நகக்கீறல் அளவுக்கு, பக்கவாட்டில் ஒரு கோடு துருத்திக்கொண்டிருந்தது.

அது லோகோவில் கிடையாது. லேபிள் நெய்து தருபவர் முதல் முறை தறிக்கு ஏற்றிய கோப்பில் ஒரு வரி தப்பி விழுந்து, நெய்து வந்த லேபிள்களில் வாலுக்குப் பக்கத்தில் ஒரு பிசிறு வந்துவிட்டது. வெறும் 500 லேபிள். அவரே பார்த்து வருத்தப்பட்டு வேறு நெய்து தருவதாகச் சொன்னார். தூக்கிப் போட மனசு வராமல், மாதிரிப் பைகளுக்கு மட்டும் இதைத் தைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்தோம். விற்பனைக்குப் போன எந்தப் பையிலும் அந்தப் பிசிறு கிடையாது. வெளிநாட்டுக்குப் போனவற்றில் அந்த 24 பைகளில் மட்டும்தான் அது உண்டு.

மனிதர் லேபிளைப் படம் எடுத்து அப்படியே பதிந்திருக்கிறார். பிசிறோடு சேர்த்து.

மறுநாள் வக்கீலம்மாவிடம் போனோம். நம் நாட்டுப் பதிவைச் செய்து கொடுத்தவர் அவர். அதிகம் பேச மாட்டார். படத்தையும், மிச்சமிருந்த லேபிளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இந்த லேபிள் எத்தனை மிச்சம் இருக்கு?" என்றார். தெரியாது என்றேன். "போய் எண்ணி, உறையில போட்டு, ஒட்டி, தேதி எழுதி வைங்க. ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது."

அதற்கப்புறம் எதிர்த்தரப்பிலிருந்தே கடிதம் வந்தது. பெயரை எங்களுக்கு "விற்க" அவர் தயார் என்று. தொகையைச் சொல்ல முடியாது. எங்கள் ஓராண்டு லாபத்தைவிட அதிகம். தங்கை அந்தக் கடிதத்தை இரண்டாவது முறை படிக்கவே மறுத்துவிட்டாள். பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள், தொழிலைப் பாருங்கள் என்று நல்லது நினைத்துச் சொன்னவர்கள் பலர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பெயரை எங்களிடமே விற்க ஒருவர் விலை வைப்பதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அடுத்த நாட்டில் அடுத்த ஆள் அதே விலையோடு வந்து நிற்பார். பதிவை ரத்து செய்யக் கோரி மனு போடுவது என்று முடிவு செய்தோம்.

அங்கே மனு போடுவதென்றால் அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டும், அதில் நோட்டரி கையெழுத்து வேண்டும், அதன் மேல் அப்போஸ்டில் முத்திரை, அதாவது பத்திரம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று, வேண்டும், எல்லாவற்றையும் அந்த நாட்டு மொழியில் சான்றளித்த மொழிபெயர்ப்பாகக் கொடுக்க வேண்டும். தங்கை வரைந்த முதல் பென்சில் ஓவியம், லேபிள்காரர் கொடுத்த பில், தவறான கோப்பும் திருத்திய கோப்பும், கூரியர் ரசீது, மூன்று வருட மின்னஞ்சல் என்று எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கியதில் 212 பக்கம் வந்தது. நல்லவேளை, எதையும் அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

பாரிஸ் ஒப்பந்தத்தில் முகவர்களைப் பற்றியே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. ஆறாவது பிரிவோடு பின்னால் சேர்த்த துணைப் பிரிவுகளில் ஒன்று. உரிமையாளரின் முகவரோ பிரதிநிதியோ அவர் அனுமதி இல்லாமல் தன் பெயரில் அந்தக் குறியை, அதாவது டிரேட்மார்க்கை, பதிந்தால், உரிமையாளர் அதை எதிர்க்கலாம், ரத்து செய்யக் கேட்கலாம், நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் தன் பெயருக்கே மாற்றித்தரக் கேட்கலாம். எங்களுக்காகவே எழுதியதுபோல இருந்தது. ஆனால் அவர் எங்கள் முகவர் என்று நிரூபிக்க வேண்டுமே! அவரோடு நாங்கள் ஒப்பந்தமே போடவில்லை. மாதிரி, விலைப்பட்டியல், மின்னஞ்சல், அவ்வளவுதான். "நான் வெறும் வாடிக்கையாளர், பிடித்த ஒரு பெயரைப் பதிந்தேன்" என்று அவர் தரப்பு எழுதியது. போதாதற்கு, பதிவு அவர் பெயரில்கூட இல்லை, அவருடைய இன்னொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது.

அவருடைய மின்னஞ்சல்களையே மறுபடி தோண்டினோம். மாதிரி கைக்குக் கிடைத்ததும் எழுதிய கடிதத்தில், லேபிள் அழகாக இருக்கிறது, யார் வரைந்தது என்று கேட்டிருந்தார். தங்கை சந்தோஷமாகப் பதில் போட்டிருந்தாள். அந்தக் கடிதத்துக்கு 19 நாள் கழித்துப் பதிவு விண்ணப்பம் போயிருக்கிறது. இன்னொரு கடிதத்தின் கீழே "இங்கே உங்கள் விநியோகஸ்தர்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். வக்கீலம்மா அந்த வரியின் அடியில் கோடு போட்டதையும், கோடு போட்ட பிறகு பேனாவை மெதுவாக மூடிவைத்ததையும் நான் மறக்க மாட்டேன்.

பிசிறு படத்தைப் பெரிதாக்கி, லேபிளையும் பதிவேட்டுப் படத்தையும் ஒரே தாளில் போட்டுக் கொடுத்தோம். அதற்கு அவர்கள் கொடுத்த பதிலில் அந்தப் பிசிறைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நாலு மாதம் கழித்துச் சமரசத்துக்கு வந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். விசாரணை முடிந்து, அவர் செய்தது கெட்ட எண்ணத்தோடு செய்த பதிவு என்று எழுத்தில் தீர்ப்பு வர வேண்டும் என்றாள் தங்கை. அவள் கேட்டது நியாயம். ஆனால் ரத்து என்றால் அந்தப் பதிவே இல்லாமல் போய்விடும், நாங்கள் புதிதாக விண்ணப்பம் போட்டு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். நடுவில் எங்கள் பெயரைப் போலவே ஒலிக்கும் ஒரு பெயருக்கு மூன்றாவது ஆள் ஒருவர் விண்ணப்பித்திருந்தார். பதிவை எங்கள் பெயருக்கு மாற்றி வாங்கினால் பழைய தேதி எங்களோடு வரும், அவருக்கு முன்னால் நாங்கள் இருப்போம். இரண்டு நாள் பேசித்தான் தங்கை சம்மதித்தாள். விநியோகஸ்தர் கேட்ட விலையை நாங்கள் கொடுக்கவில்லை. பதிவுச் செலவுக்கு என்று ஒரு சிறு தொகை, அவ்வளவே.

யாரிடமிருந்து மாற்றி வாங்குகிறோம் என்பதில் வக்கீலம்மா மிகக் கறாராக இருந்தார். ஐபேட் என்ற பெயருக்கு ஆப்பிள் பட்ட பாட்டைச் சொன்னார். பெயரை விலை கொடுத்து வாங்கிவிட்டோம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் விற்றது தைவானில் இருந்த நிறுவனம். சீனப் பதிவேட்டில் இருந்ததோ அதே குழுமத்தின் ஷென்ஜென் நிறுவனம். கடைசியில் 2012இல் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் தீர்த்தார்கள். அதனால் எங்கள் பத்திரத்தில் பதிவேட்டில் இருந்த நிறுவனத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறதா என்று மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்தோம். பத்திரம் கையில் இருந்தால் மட்டும் போதாது, அந்த நாட்டு அலுவலகப் பதிவேட்டில் பெயர் மாறி ஏறவும் வேண்டும். அதற்கு இன்னும் சில மாதம் ஆனது.

மற்ற நாடுகளுக்கு மாட்ரிட் முறையில் போனோம். நம் நாட்டு அலுவலகம் வழியாக வைப்போவுக்கு ஒரே விண்ணப்பம், வேண்டிய நாடுகளை அதிலேயே குறித்துக்கொள்ளலாம். நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. நாங்கள் போட்டபோது அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக் குறிக்கு 653 சுவிஸ் ஃபிராங்க், வண்ணக் குறிக்கு 903. இதன்மேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம். கறுப்பு வெள்ளையிலேயே போட்டோம். ஒரே விண்ணப்பம் என்பதால் ஒரே உரிமை என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பரிசீலித்து, 12 அல்லது 18 மாதத்துக்குள் மறுக்கலாம். முதல் ஐந்து ஆண்டு எல்லாமே சொந்த நாட்டுப் பதிவின் தோளில்தான் நிற்கும். அது விழுந்தால் எல்லா நாட்டிலும் சேர்ந்து விழும், அப்போது மூன்று மாதத்துக்குள் நாடுவாரியாகத் தனி விண்ணப்பமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதோடு, சர்வதேச விண்ணப்பத்தில் கொடுக்கும் குறி சொந்த நாட்டில் பதிந்த குறியேதான். ழகரத்தின் வாலைக் கொஞ்சம் குட்டையாக்க வேண்டும் என்று தங்கைக்கு நெடுநாள் ஆசை. அந்த ஆசையை அவள் விட்டுக்கொடுத்தாள்.

எந்தெந்தப் பொருளுக்கு என்று குறிப்பதில் அவசரப்படாதீர்கள். பொருட்களையும் சேவைகளையும் வகை பிரிக்கும் சர்வதேசப் பட்டியலான நைஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்பு, முதல் 34 பொருட்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. பைக்கு 18. பை தைக்கிறவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் மிச்சத் துணியில் நாங்கள் தைக்கும் பென்சில் பை 16இல் வரும், இடுப்பு பெல்ட் 25இல், சாவி வளையம் 14இல். முஜி என்ற ஜப்பானிய நிறுவனம் சீனாவில் பல வகுப்புகளில் தன் சீன எழுத்துப் பெயரைப் பதிந்திருந்தது. துண்டு, படுக்கை விரிப்பு வரும் 24ஆம் வகுப்பில் மட்டும் ஒரு சீன நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே முந்திக்கொண்டது. வழக்கு பல வருடம் நடந்து, 2019இல் முஜிதான் தோற்றது. ஒரே ஒரு வகுப்பு! அதற்காக 45ஐயும் வாங்கிப் போடச் சொல்லவில்லை. பயன்படுத்தாத பதிவை, மூன்று வருடமோ ஐந்து வருடமோ கழித்து, பல நாடுகளில் பிறர் ரத்து செய்யக் கேட்கலாம். அடுத்த சில ஆண்டுகளில் உண்மையாகவே தைக்கப்போவது எதுவோ அதைப் பதியுங்கள். தைத்ததற்கும் விற்றதற்கும் நாடுவாரியாகப் பில்லும் படமும் சேர்த்துவையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பதிவான பெயர் என்று காட்டும், வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போட்ட குறியை லேபிளில் நெய்துவைத்திருந்தோம். பதிவு ஆகாத நாட்டில் அதைப் போட்டு விற்பது பல இடங்களில் குற்றம். இப்போது ஏற்றுமதி லேபிளில் அது கிடையாது.

விண்ணப்பம் வெளியானதும் உங்கள் முகவரிக்கு பில்கள் வரத் தொடங்கும். அரசு முத்திரை மாதிரி ஒன்று, சர்வதேசம், பதிவேடு என்ற சொற்கள், உடனே பணம் கட்டச் சொல்லி ஒரு கெடு. அலுவலகம் அனுப்பியது மாதிரியே இருக்கும். எங்களுக்கு முதல் மாதமே மூன்று வந்தன. இவை மோசடி என்று வைப்போவே எச்சரிக்கை வெளியிட்டு, மாதிரிகளையும் தன் தளத்தில் போட்டிருக்கிறது. எங்கள் கணக்குப் பிள்ளை ஒன்றுக்குக் காசோலை எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வக்கீலிடம் கேட்காமல் எதையும் கட்டாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரே பதிவு 27 நாட்டுக்கும் செல்லும், அலுவலகம் ஸ்பெயினில் அலிகான்டே நகரத்தில். அங்கே பரிசோதகர்கள் முந்தைய பதிவுகளைக் காரணம் காட்டித் தாமாக மறுக்க மாட்டார்கள், பழைய உரிமையாளர்தான் மூன்று மாதத்துக்குள் எதிர்க்க வேண்டும். அதனால் பதிந்த பிறகும் யார் என்ன விண்ணப்பம் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதத்தின் முதல் திங்களன்று தங்கை உட்கார்ந்து தேடுகிறாள்.

அந்த 640 பைகள் கடைசிவரை உள்ளே போகவில்லை. கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போனதால் திருப்பி எடுத்துக்கொண்டோம். மடிப்பில் நிறம் மங்கிய 70, 80 பைகள் தவிர மற்றவை இங்கேயே விற்றன. பிசிறு லேபிள்கள் எண்ணிப் பார்த்தபோது 431 இருந்தன. உறை இன்னும் வக்கீலம்மா அலமாரியில்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு புதிய நாட்டிலிருந்து ஒருவர் மாதிரி கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆறு பைகளைத் தங்கை அன்றே பெட்டியில் அடுக்கிவிட்டாள், ஆனால் ஒட்டவில்லை. முதலில் இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றை அனுப்பினோம். பெயரும் லோகோவும் எங்களுடையவை, எந்த வடிவிலும் அவற்றைப் பதிய மாட்டேன் என்று அதில் ஒரு பத்தி. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். நேற்று சாயங்காலம் அந்த நாட்டில் போட்ட விண்ணப்பத்துக்கு எண் வந்தது. இன்று காலை கூரியர்காரர் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.